மீன் வியாபாரம் வேறு, சத்தியம் வேறு

அன்று அங்கே இருந்தவர்கள்: மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா, அருவாமனையில் சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்த அவருடைய மருமகள், எங்கள் பேராசிரியர் வைதேகி மேடம், டேப்லெட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்த ஆய்வாளர் கார்த்திக், நான். மொத்தம் ஐந்து பேர். பலகைக்கு அடியில் ஒரு பூனையும் இருந்தது. பூனையைச் சேர்க்கலாமா கூடாதா என்று எங்கள் படிவத்தில் சொல்லவில்லை. அதனால் தனியாக எழுதுகிறேன்.

கேள்விப் படிவத்தின் முதல் பக்கத்தில் ‘நேர்காணலின்போது உடனிருந்தோர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் கீழே இறங்கக் கூடாது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மருமகள் ஒரு பதில் சொல்வாள். மாமியார் எழுந்து போய்விட்டால் இன்னொரு பதில் சொல்வாள். அதற்காகத்தான் அந்தக் கட்டம். வருடக் கணக்காக அதை நிரப்பிப் பழகிய கை, கட்டுரை எழுதச் சொன்னாலும் அங்கேதான் போய் நிற்கிறது.

அடையாறில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றேன். ஜனங்கள் கைபேசியில் இணையத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வருவது என் வேலை. இப்போது கேள்விகள் லிங்க்காகப் போகின்றன, பதில்கள் தானாக வந்து விழுகின்றன. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், “வீட்டுக்கு வீடு போய் அப்படி என்னதான் பண்ணீங்க விஜயாக்கா? எழுதிக் குடுங்களேன்” என்று கேட்டார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். தப்பு வருமே என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். “தப்பு வந்தா நாங்க திருத்திக்கறோம்” என்றார்கள். அவர்கள் திருத்தி அர்த்தம் மாறிவிட்டால் என்ன செய்வது என்று அடுத்த ஒரு வாரம் கவலைப்பட்டேன். ஆக, இது மூன்று வாரம் தாமதமாக எழுதப்பட்ட கட்டுரை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தி. நகரில் ஒரு விளம்பரக் கம்பெனிக்காகச் சோப்புத்தூள் பற்றிக் கேள்வி கேட்டேன். அப்புறம் ஷாம்பு, அப்புறம் டிவி தொடர். பையில் நான்கு பென்சில், இரண்டு அடையாள அட்டை, ஒரு குடை, பேருந்துக்குச் சில்லறை, ஒரே ஒரு நூறு ரூபாய்த் தாள். அதற்கு மேல் வைத்திருந்தால் பிக்பாக்கெட் பயம். குறைவாக வைத்திருந்தால் வழியில் மயங்கி விழுந்தால் ஆட்டோவுக்கு என்ன செய்வது என்ற பயம். ஒருநாளும் மயங்கி விழுந்ததில்லை. பென்சிலில் மட்டும் இரண்டு, மூன்று தொலைந்திருக்கும்.

அந்தக் காலத்தில் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கே.கே. நகரில் ஒரு வீட்டில், பேச்சை வளர்ப்பதற்காக, “பக்கத்து வீட்டுக்காரம்மா மாசம் மூணு தடவை ரீசார்ஜ் பண்றாங்களாம், நீங்க எப்படி?” என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு தடவைதான் என்று கணவரிடம் சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் படியிறங்குவதற்குள் மதில் சுவருக்கு இரு பக்கமும் சண்டை மூண்டுவிட்டது. அன்றைக்கு முடிவு செய்தேன்: இனி ஒரு வீட்டில் கேட்டது என் வாயிலிருந்து வேறெங்கும் போகாது. நல்ல முடிவுதான். ஆனால் நான் எதைச் செய்தாலும் கொஞ்சம் அதிகமாகச் செய்வேன். பின்னால் நடந்ததெல்லாம் அதனால் வந்தது.

அடையாறுக்கு வந்த பிறகு எனக்கு மேலதிகாரியாக அமைந்தவர் வைதேகி மேடம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. படிவத்தை மேஜைமேல் வைத்து, வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். ஸ்கேல் ஓரிடத்தில் நிற்கும். தலை நிமிராமல், “இது எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்பார். “அவங்களே சொன்னாங்க மேடம்” என்றால் ஸ்கேல் நகரும். “நானாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்” என்றால் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று விழும். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தக் கோடு ஒரு வாரத்துக்கு என் தூக்கத்தில் வரும்.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே வித்தை இதுதான்: “கேள்வியைக் கேளுங்கோ. வாயை மூடிக்கோங்கோ. மனசுக்குள்ள ஏழு வரைக்கும் எண்ணுங்கோ. சும்மா இருக்கறதைத் தாங்க முடியாம அவாளே பேசுவா. நாம முந்திண்டா நம்ம பதில்தான் நமக்குத் திரும்பி வரும்.” முதல் மாதம் மூன்று எண்ணுவதற்குள் எனக்குப் பதற்றம் வந்து நானே பேசிவிடுவேன். போகப் போக ஐந்து வரை வந்தேன். ஏழைத் தொட்டது மயிலாப்பூரில்.

வடக்கு மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மொபைலில் நெட் உபயோகிப்பது உண்டா என்று கேட்டேன். “நெட்டா? நம்மாத்துல அந்தப் பழக்கமே கிடையாதும்மா” என்றார். எண்ண ஆரம்பித்தேன். ஆறில் அவர் தொண்டையைச் செருமினார். “கார்த்தால எழுந்ததும் போன்ல கச்சேரி கேட்பேன். அப்புறம் அமெரிக்காவுல இருக்கற பேத்தியைப் பார்த்துண்டே காப்பி குடிப்பேன். கோயில் அபிஷேகம் நேரலையா வர்றது, அதை விடறதில்லை. மத்தபடி இந்த நெட்டுகிட்டெல்லாம் கிடையாது.”

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது: “மத்தியானம் பூரா யாரோடயோ செஸ் ஆடறேளே, அது என்னவாம்?”

“அது செஸ்ஸுடி!”

திரும்பிப் போய் மேடத்திடம் சொன்னேன். ஸ்கேல் நின்றது, பிறகு மேடம் சிரித்தார், தோள் குலுங்கச் சிரித்தார். மறுநாளே ‘இணையம் பயன்படுத்துகிறீர்களா’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, ‘நேற்று காலையில் இருந்து போனை எதற்கெல்லாம் கையில் எடுத்தீர்கள்’ என்று மாற்றினார். அந்தக் கேள்வி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். உடனே, கர்வப்பட்டால் ஏதாவது நடந்துவிடுமோ என்று பயமும் வரும்.

இப்போது குப்பத்துக்கு வருகிறேன்.

பட்டினப்பாக்கம் பக்கம் கடலை ஒட்டிய ஒரு சந்தில் பதினோரு வீடு எனக்கு ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு முறை போக வேண்டும். படம் போட்ட அட்டை ஒன்று கொடுப்போம். பாட்டு, பேச்சு, காசு, கடல் என்று நான்கு படம். நெட்டைத் திறக்கும்போதெல்லாம் எதற்காகத் திறந்தார்களோ அந்தப் படத்துக்குக் கீழே ஒரு கோடு போட வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒப்புதல் தாள் வாசிக்க வேண்டும். ‘தாங்கள் அளிக்கும் தகவல்கள் இரகசியமாகப் பாதுகாக்கப்படும்’ என்று தொடங்கும். அதை வாசித்தால் ஜனங்கள் கொசுவை அடிப்பார்கள். சொல்வது அவர்களுக்குப் புரியாமல் கையெழுத்து மட்டும் வாங்கிவிட்டோமோ என்று எனக்கு உறுத்தும். அதனால் தாளை முழுக்க வாசித்துவிட்டு என் பாஷையிலும் ஒருமுறை சொல்வேன். “அக்கா, இது நமக்குள்ள. நான் வந்ததும் வெளியில தெரியாது, நீங்க சொன்னதும் வெளியில தெரியாது. யார் வந்து கேட்டாலும் கிடையாது.” அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் முகத்தில் நம்பிக்கை வரவில்லையே என்று, வலது கையை ஓங்கி அவர்கள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியமும் செய்தேன். பதினோரு வீட்டிலும் செய்தேன்.

ஸ்டெல்லா அக்கா முதல் வீடு. ஸ்டெல்லா அவருடைய பெயர் இல்லை. இந்தக் கட்டுரைக்காகப் பெயர் மாற்ற வேண்டும் என்று போய்ச் சொன்னபோது, “அப்டின்னா ஸ்டெல்லான்னு போடு. சின்ன வயசுலேர்ந்து அந்தப் பேரு மேல ஒரு கண்ணு” என்று அவரே எடுத்துக்கொண்டார். நெட்டை அவர் கேஸ் அடுப்பு போலத்தான் வைத்திருந்தார். வேலை இருந்தால் திறப்பார், முடிந்ததும் மூடுவார். “சும்மா தொறந்து வுட்டா தீந்துடும்மே. அடுப்ப எரிய வுட்டுக்கினு ஊர்கத பேசுவியா நீ?” விடியற்காலையில் ஏலத்தில் மீன் என்ன விலை போகிறது என்று குரல் செய்தி கேட்பார், காற்று எப்படி என்று படம் பார்ப்பார், மூடிவிடுவார். இதுவரைக்கும் எழுதலாம் என்று அவரே அனுமதி கொடுத்தார். ஆனால் தினமும் பிற்பகலில் அரை மணி நேரம் திறந்து இன்னொன்றும் பார்த்தார். அது என்ன என்று எழுத மாட்டேன். கையில் அடித்திருக்கிறேன்.

மூன்றாவது முறை போனபோது பலகையில் சங்கரா மினுமினுவென்று இருந்தது. ஆய்வுக்குட்பட்ட வீடுகளில் எதையும் வாங்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. வாங்கினால் அந்தப் படிவம் செல்லாது. எனக்கு விதி தெரியும். ஆனால் அந்த மீனை நீங்கள் பார்க்கவில்லை. அரைக் கிலோ நூற்று நாற்பது ரூபாய். நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். மீதியைப் போனில் அனுப்பலாம் என்று பார்த்தால் சிக்னல் கிடைக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“சுத்திக்கினே கீதே, ராட்டினமா அது?” என்றார் ஸ்டெல்லா அக்கா. “வுடு. அப்பால குடு.”

நான்காவது முறை போனபோது அவர் வியாபாரத்துக்குப் போய்விட்டிருந்தார். அட்டையை மருமகள் கொடுத்தாள். அந்த நாற்பதை அவளிடம் கொடுத்தால் விஷயம் பரவுமோ என்று கொடுக்காமல் வந்துவிட்டேன்.

மாதக் கடைசியில் பேக் செக் வந்தது. நாங்கள் உண்மையில் போனோமா, இல்லை டீக்கடையில் உட்கார்ந்து நாங்களாகவே படிவத்தை நிரப்பினோமா என்று வேறொருவர் போய் விசாரிப்பதற்கு அந்தப் பெயர். கார்த்திக் போனான். நல்ல பையன், முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவன். ஐந்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். ஐந்து வீட்டிலும் ஒரே பதில்: “அப்டி யாரும் வர்லியே.”

திங்கட்கிழமை மேடத்தின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். என் படிவங்கள் அத்தனையும் மேஜையில் இருந்தன. ஸ்கேல் மட்டும் இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

கார்த்திக் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “அக்கா, ஒரு வீடுன்னா மறந்துட்டாங்கன்னு சொல்லலாம். அஞ்சு வீடு...”

குப்பத்துப் படிவங்கள் பொய் என்றானால் மந்தைவெளி, தேனாம்பேட்டை, மயிலாப்பூர் எல்லாம் சந்தேகம். ஒரு வருடமாக நான் எழுதிய எதுவும் நிற்காது. வேலை போகும். போனால்கூடச் சமாளிக்கலாம். ‘டீக்கடைப் படிவம் போட்டவள்’ என்ற பெயரோடு எந்த வீட்டுக் கதவை அப்புறம் தட்டுவேன்?

மேடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “போனேளா?”

“போனேன் மேடம்.”

“சரி. நாளைக்கு எல்லாரும் சேர்ந்து போவோம்.”

மீன் வாங்கியதை அப்போதே சொல்லியிருக்கலாம். அது நான் போனதற்குச் சாட்சி. ஆனால் விதியை மீறியதற்கும் அதுவே சாட்சி. வாயைத் திறந்தால் எந்தப் பக்கமாக விழுவேன் என்று தெரியவில்லை. திறக்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. நான் மேலே எழுதிய ஐந்து பேரும் பூனையும் இருந்தோம். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டெல்லா அக்காவின் பலகைக்கு எதிரே ஒரு கவிழ்த்த பிளாஸ்டிக் கூடைமேல் உட்கார்ந்தார். பதில் சொல்பவரைவிட உயரமாக உட்காரக் கூடாது என்பது அவருடைய வழக்கம்.

“இவா உங்காத்துக்கு வந்து கேள்வி கேட்டாளா?”

ஸ்டெல்லா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். முன்பின் பார்த்திராதவளைப் பார்க்கும் பார்வை.

“இந்தம்மாவா? தெர்யாதே. மூஞ்சப் பாத்தா நல்ல குடும்பத்துப் பொம்பள மாதிரிதான் கீது. ஆனா தெர்யாது.”

“அக்கா, நான்தான் விஜயா! நாலு தடவை வந்தேனே! அட்டை குடுத்தேனே!”

“இன்னா நைனா இது,” என்று அவர் கார்த்திக்கிடம் திரும்பினார், “ரோட்ல போறவங்கல்லாம் அக்கா அக்கான்னுக்கினு! எனக்குக் கூடப்பொறந்ததே ஒரு தம்பிதான்.”

மருமகள் குனிந்து செதில் சீவினாள். அவள் தோள் ஆடியது. மேடம் தான் கொண்டுவந்திருந்த அட்டையைப் பார்ப்பதற்காகக் குனிந்த அந்த ஒரு நொடியில், ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். வலது உள்ளங்கையை லேசாக விரித்துக் காட்டி மூடிக்கொண்டார். முகம் முழுக்கப் பெருமை. ‘பாத்தியா, எப்டிக் காப்பாத்தறேன்!’

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அடித்தது என்னைக் கட்டுப்படுத்துவதற்காக. அவர்கள் கணக்கில், அடித்த கைக்கும் அடி வாங்கிய கைக்கும் சேர்த்துத்தான் சத்தியம். ‘நான் வந்ததும் வெளியில தெரியாது, யார் வந்து கேட்டாலும் கிடையாது’ என்று சொன்னவளே நான்தான். பதினோரு வீடும் என் வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு.

மேடம் அடுத்த கேள்வி கேட்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்றில் பூனை ஒரு மீன் தலையை இழுத்துக்கொண்டு போனது. நான்கு. ஸ்டெல்லா அக்கா மீனைத் திருப்பிப் போட்டார். ஐந்து. என்னைப் பார்த்தார், என் கைப்பையைப் பார்த்தார். ஆறு.

“அதெல்லாம் சர்தான்,” என்றார் மெதுவாக. “அந்த நாப்பது ரூவா இன்னா ஆச்சு?”

மருமகள் அருவாமனையை விட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஸ்டெல்லா அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எந்த நாற்பது ரூபாய்?” மேடத்தின் குரல் எப்போதும் போலவே இருந்தது.

இனி மறைக்க எதுவும் இல்லை. “மீன் வாங்கினேன் மேடம். அரைக் கிலோ. தப்புதான்” என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. ஒப்புதல் தாளோடு நானாகச் சேர்த்துச் சொன்னது, கையில் அடித்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“யம்மா, நீயே சொல்ட்டியா?” ஸ்டெல்லா அக்காவுக்குக் கோபம் வந்தது. “அப்ப நா மட்டும் இத்தினி நாளு எதுக்கு வாயக் கட்டிக்கினு இருந்தேன்? தோ பாரு, சத்தியத்த நா மீறல. மீன் யாவாரம் வேற, சத்தியம் வேற. போன்ல இன்னா பாக்கறேன்னு யார்னா கேட்டா இப்பவும் சொல்ல மாட்டேன்.”

“சொல்ல வேண்டாம்” என்றார் மேடம். “ரகசியத்தைக் காப்பாத்த வேண்டியது நாங்க. நீங்க இல்லை. இவா வந்தாளா, தாளை வாசிச்சுக் காட்டினாளான்னு மட்டும் சொன்னாப் போறும்.” வலது கையை நீட்டினார். “நானும் அடிச்சுத் தரட்டுமா?”

“கைல மீன் வாசன வந்துடும்மா.”

“வரட்டும்.”

அடித்தார். பேராசிரியர் ஒருவர் மீன் பலகைக்கு மேல் கையை ஓங்கி அடித்த சத்தம் நன்றாகவே கேட்டது. ஸ்டெல்லா அக்கா எழுந்து நின்று சந்துப் பக்கம் திரும்பிக் கூவினார்: “ஏய்! சர்வேகாரம்மா வந்தத சொல்லலாமாம்! வாங்கடி!”

அடுத்த அரை மணி நேரத்துக்குப் பேக் செக் எங்கள் கையில் இல்லை. பத்து வீட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் சாட்சி சொன்னார்கள். நான் எந்தப் புடவை கட்டியிருந்தேன், எத்தனை பென்சில் வைத்திருந்தேன், தண்ணீர் குடிக்குமுன் டம்ளரை எத்தனை முறை பார்த்தேன், ‘அடுப்பை அணைச்சேனா’ என்று என் வீட்டுக்கு எத்தனை முறை போன் செய்தேன் எல்லாம் வந்தது. கார்த்திக், “ஒருத்தர் ஒருத்தரா, ப்ளீஸ்!” என்று கெஞ்சினான். “நீதான நைனா அன்னிக்கு வந்து தொருவித் தொருவிக் கேட்ட? திரும்ப வந்தா ஒனக்குச் சொல்றதா வேணாமான்னு அன்னிக்கு ராத்திரி மீட்டிங்கே போட்டோம்” என்று ஒருத்தி அவன் கன்னத்தைத் தட்டினாள். அவன் போகும்போது என் பக்கத்தில் வந்து, “சாரிக்கா” என்றான். நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்ததால் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்: பரவாயில்லை தம்பி, நீ சரியாகத்தான் விசாரித்தாய்.

அலுவலகம் திரும்பியதும் மேடம் ஸ்கேலை எடுத்தார். ஸ்டெல்லா அக்காவின் படிவத்தில் குறிப்பு என்ற இடத்தில் நிறுத்தி, “எழுதுங்கோ” என்றார். ‘களப்பணியாளர் மூன்றாம் வருகையில் அரைக் கிலோ மீன் வாங்கினார். பாக்கி ரூ.40’ என்று எழுதினேன். விதிப்படி அந்த ஒரு படிவம் செல்லாது என்று ஓரத்தில் கோடு போட்டார். மீதி எல்லாம் நின்றது. நானும் வேலையில் நிலைத்து நின்றேன். ஒப்புதல் தாளில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: ‘நாங்கள் வந்து போனதை நீங்கள் விரும்பினால் யாரிடமும் சொல்லலாம்.’ லிங்க்கில் வரும் தாளிலும் அந்த வரி இருக்கிறது. புதுப்பிள்ளைகள் அது எதற்கென்று தெரியாமல் தாண்டிப் போகிறார்கள். இதற்காகத்தான் பிள்ளைகளே.

“நாற்பது ரூபாயை நாளைக்கே குடுத்துடறேன் மேடம்” என்றேன்.

“ஆய்வு முடியட்டும்” என்றார். “அதுவரைக்கும் அது ஆதாரம்.”

ஆய்வு முடிந்ததும் போனேன். ஸ்டெல்லா அக்கா வாங்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ முறை அவரிடம் மீன் வாங்கிவிட்டேன். அந்தந்த நாள் காசை அந்தந்த நாளே வாங்கிக்கொள்வார். இதை மட்டும் தொட மாட்டார். போன மாதம் ஓய்வு பெற்ற மறுநாள், இனிமேல் என்னை யாரும் சந்தேகப்படப் போவதில்லை, கணக்கை முடித்துவிடலாம் என்று நான்கு பத்து ரூபாய்த் தாளோடு போய் நின்றேன்.

“ஒனக்கு இன்னாமே, பொழுது விடிஞ்சா எதுனா ஒண்ண நெனச்சு பயந்துக்கினே இருப்ப” என்றார். “நாளைக்கே எவனாவது வந்து, விஜயா மெய்யாலுமே வேல செஞ்சாளான்னு கேட்டா நா எத்தக் காட்டுவேன்? அது அப்டியே கெடக்கட்டும்.”

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதும் சரிதான், கேட்டாலும் கேட்பார்கள். தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பாக்கி: நாற்பது ரூபாய்.